அப்பா சொல்லாத ராஜா

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் புவனேசனின் நிலத்தில் எக்ஸ்கவேட்டர் இறங்கிவிட்டது. புக்கிட் செலம்பாவிலிருந்து உள்ளே பிரிந்து போகும் செம்மண் பாதையோரம் அவனுக்கு மூன்று ரெலோங், ஏறத்தாழ இரண்டு ஏக்கர், எண்ணெய் எடுக்கும் செம்பனை இருந்தது. மரங்களுக்கு முப்பது வயதாகிவிட்டது. குலை அறுக்க அரிவாள் எட்டவில்லை. எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைக்க முருகையாவை வண்டியோடு பேசி வைத்திருந்தான். புவனேசன் பள்ளி பஸ் ஓட்டுபவன். கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும் பள்ளி கிடையாது. நிலத்து வேலைக்கு அவனுக்குக் கிடைப்பது அந்த இரண்டு நாள்தான்.

நிலத்தின் நடுவில் ஒரு மேடு உண்டு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்; மேலே பத்துப் பேர் படுத்துறங்கலாம். மழைக்காலத்தில் சுற்றிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் மேடு மட்டும் காய்ந்து கிடக்கும். அவனுடைய அப்பா வேலாயுதம் இருந்தவரை மாட்டை அங்கேதான் கட்டுவார்.

"மேட்டையும் ஒடச்சு சமமாக்கிடுங்கண்ணே. இன்னும் ஆறு கன்னு வைக்கலாம்" என்று புவனேசன் சொல்லியிருந்தான்.

முருகையா இயந்திரத்தின் கையை நீட்டி ஒரு வாளி மண்ணை அள்ளிக் கொட்டினார். மண்ணோடு வெள்ளை வெள்ளையாக ஏதோ சரிந்து விழுந்தது. புவனேசன் குனிந்து பார்த்தான். கெராங் சிப்பியின் ஓடுகள். அள்ள அள்ள ஓடுகள். சந்தையில் வாங்கும் சிப்பிகளைவிடப் பெரியவை. விரலால் அழுத்தினால் சுண்ணாம்பாக உதிர்ந்தன.

"என்னண்ணே இது? இங்கேருந்து கடலுக்குக் காடியில போனாலே அரை மணி நேரம். இங்க உக்காந்து எவன் இவ்ளோ கெராங் தின்னான்?"

"என்னைக் கேட்டா? ஒன் நெலம், ஒனக்குத் தெரியல" என்று சிரித்துக்கொண்டே முருகையா அடுத்த வாளியை இறக்கினார். மூன்றாவது வாளியில் சிரிப்பு நின்றது. இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

வெட்டுப்பட்ட மண்சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு மண்டையோடு பக்கவாட்டில் தெரிந்தது. அதற்குக் கீழே கால் எலும்புகள் மடிந்து, முழங்கால் தாடையைத் தொடுமளவுக்கு ஒடுங்கியிருந்தன. குளிருக்குச் சுருண்டு படுத்த ஆளைப் போல. அதைச் சுற்றியிருந்த மண் மட்டும் சிவந்திருந்தது.

இந்த மேட்டில் புவனேசன் சிறுவயதில் உருண்டு விளையாடியிருக்கிறான். கல்யாணமான புதிதில் மனைவியோடு உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டிருக்கிறான்.

"ஜப்பான்காரன் காலத்து ஆளா இருக்கும்" என்றார் முருகையா. "சியாம் ரயில் பாதைக்கு ஆளுங்கள புடிச்சிக்கிட்டுப் போனாங்கல்ல? வழியில செத்தவங்கள அங்கங்க பொதச்சாங்களாம்."

இயந்திரச் சத்தம் நின்றதைக் கேட்டுப் பக்கத்து நிலத்துக்காரர் பாக்சிக் ஹாஷிம் வேலியைத் தாண்டி வந்தார். வேலாயுதம் நிலம் வாங்கிய நாளிலிருந்து பழக்கம்; பெரியப்பா மாதிரி அவரைப் பாக்சிக் என்றே புவனேசன் கூப்பிடுவான். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, பழைய சியாம் சண்டையில் செத்தவர்கள் இந்தப் பக்கம் கிடந்ததாகத் தன் பாட்டனார் சொன்னதுண்டு என்றார். பிறகு தலையை ஆட்டினார். "ஆனால் இந்த மேட்டைப் பற்றித்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நீ போலீஸ் பாலாயில் போய்ச் சொல்லிவிடு."

மதியத்துக்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். இது பழைய எலும்பு, வழக்கு எதுவும் இருக்காது என்றார்கள். தொல்பொருள் இலாகாவுக்குச் சொல்லியாகிவிட்டது, விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஆள் வரும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, மேட்டைச் சுற்றி நின்ற நான்கு செம்பனை மரங்களில் மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போனார்கள். முருகையாவும் புவனேசனும் மண்சுவர்மேல் ஒரு தார்ப்பாயை இழுத்து மூடினார்கள்.

வீட்டில் மனைவி ரூபினி எல்லாவற்றையும் கேட்டாள். சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவள்; எதற்கும் சட்டென்று பதறமாட்டாள். "நாயித்துக்கெழம வராங்கல்ல? ரெண்டு நாளு. அதுவரைக்கும் பேசாம இருங்க" என்றாள். ஆனால் சமையலுக்கிடையில் தன் அண்ணன் ஜெயகுமாரிடம் போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள்தான். வீட்டுச் சேதியை அண்ணனிடம் சொல்வதில் தப்பென்ன என்று நினைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் ஜெயகுமாரின் காடி வாசலில் நின்றது.

ஜெயகுமார் கெட்டவர் அல்லர். வெள்ளம் வந்தால் முதல் ஆளாகப் படகில் அரிசி கொண்டுபோவார். வட்டாரச் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது கோயில்களும் சுடுகாடுகளும் பெயரில்லாமல் போனதைப் பார்த்து வளர்ந்தவர். அந்தக் கோபம் அவருக்குள் எப்போதும் புகைந்துகொண்டே இருந்தது. மேட்டுக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்ததும் அந்தப் புகை பற்றிக்கொண்டது.

"மச்சான், இது சாதாரண எலும்பு இல்ல. உக்கார வச்சுப் பொதச்சிருக்காங்க பாரு. நம்ம பக்கம் பெரியவங்கள அப்படித்தான் பொதைப்பாங்க. செவப்பா இருக்கே, அது குங்குமம். நம்ம ராஜா ஒருத்தரு இங்க படுத்திருக்காரு."

"எனக்கு ஒன்னும் புரியல மச்சான். முருகையாண்ணே ஜப்பான் காலம்ங்கிறாரு. பாக்சிக் சியாம் சண்டைங்கிறாரு."

"ஒனக்குப் புரியலன்னா கவர்மெண்டுக்காரங்க எடத்த எடுத்துக்குவாங்க லா. வேலி போட்டு போர்டு மாட்டிட்டா மூணு ரெலோங்கும் போச்சு. நம்ம ராஜா சமாதின்னு ஊரே பேச ஆரம்பிச்சா, எவனும் கை வைக்க யோசிப்பான். ஒங்கப்பா ஏதாச்சும் சொல்லிருப்பாரே?"

"சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லன்னா சொல்லலன்னு ஆயிடுமா? நல்லா யோசி. மேட்ட ஒடச்சிருந்தா அவருக்குத்தானே லாபம்? ஏன் ஒடைக்கல?"

புவனேசன் யோசித்தான். உண்மைதான். அப்பா எல்லா மூலையிலும் மரம் வைத்தார். மேட்டில் மட்டும் வைக்கவில்லை. ஏன்? மாட்டுக்காகவா? ஒருமுறை மேட்டில் ஒன்றுக்குப் போனதற்கு அடித்தாரே, அது இந்த மேடா, கோயில் பின்புறமா? 'பெரியவங்க இருக்கிற எடம்' என்று ஏதோ சொன்னாரே, அது எங்கே? யோசிக்க யோசிக்க, சொல்லாத சொற்களை அப்பாவின் குரல் சொல்வதுபோலவே இருந்தது. ஜெயகுமாரின் பேச்சில் அவ்வளவு உறுதி. தனக்குள் அவ்வளவு குழப்பம். உறுதியாக இருப்பவர் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றிவிட்டது. நிலம் போய்விடுமோ என்ற பயம் வேறு.

ஜெயகுமார் போனைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் மேடும், அதற்கும் பின்னால் ஜெராய் மலையும் தெரியும்படி புவனேசன் நின்றான்.

"எங்கப்பா பேரு வேலாயுதம். அவரு என்கிட்ட சொல்லிருக்காரு. இது நம்ம ராஜா ஒருத்தரோட சமாதி. தலமொற தலமொறயா நாங்க காப்பாத்திட்டு வர்றோம்."

நாற்பது விநாடிகூட இல்லை. முடிந்ததும் ஜெயகுமார் அதை இணையத்தில் தன் பக்கத்தில் போட்டார்.

மறுநாள் விடிந்தபோது அந்தப் படத்தை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். காலை ஒன்பது மணிக்குச் செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கின. பிறகு காடிகள். பத்து மணிக்கு ஈப்போவிலிருந்து ஒரு வேன். பெண்கள் பால் கொண்டுவந்தார்கள். யாரோ மஞ்சள் துணி கொண்டுவந்து மேட்டைச் சுற்றிக் கட்டினார்கள். மஞ்சள் நாடா எப்போது அறுந்தது என்று யாருக்கும் தெரியாது. தார்ப்பாய் மடிந்து கிடந்தது. பாலும் பன்னீரும் மேட்டில் ஊற்ற ஊற்ற, மண் கரைந்து எலும்பின்மேல் வழிந்தது.

"தொடாதீங்க, நாளைக்கு ஆபீஸ் ஆளுங்க வராங்க" என்று புவனேசன் சொல்லிப் பார்த்தான்.

"நீங்கதானே ராஜான்னு சொன்னீங்கண்ணே? ராஜாவுக்குப் பால் ஊத்தக் கூடாதா?" என்றாள் ஒருத்தி.

ராஜா என்றால் கிரீடம் இருக்க வேண்டுமல்லவா? மதியத்துக்குள் இரண்டு பேர் சங்குல் மண்வெட்டியோடு மேட்டின் உச்சியைக் கிளறத் தொடங்கிவிட்டார்கள். வாள் தேடினார்கள், பட்டயம் தேடினார்கள். உச்சி மண்ணைக் கீழே தள்ளினார்கள். கீழே இருந்தவர்கள் அதைப் பிரசாதம்போலப் பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டார்கள். ஒருவன் கையில் கறுத்துப்போன மெல்லிய சங்கிலி ஒன்று அகப்பட்டது. ஒரு முழம்கூட நீளமில்லை. "ராஜாவோட புள்ள போட்டிருந்தது!" என்று கூவினான். அதைப் படம் பிடித்தார்கள். 'இளவரசன் அணிந்த சங்கிலி' என்று அந்தப் படம் பறந்தது. சங்கிலி யார் பையில் போனது என்று யாரும் பார்க்கவில்லை.

கூட்டம் தன் வாழைக்கன்றுகளை மிதிப்பதைத் தடுக்கப் பாக்சிக் ஹாஷிம் வந்தார். எங்கிருந்தோ வந்த இளைஞன் ஒருவன் அவரை மார்பில் கைவைத்துத் தள்ளினான். "இது எங்க ராஜா எடம். ஒனக்கு இங்க என்ன வேல?" என்று மலாயில் கத்தினான். ஹாஷிம் விழவில்லை. ஆனால் திரும்பிப் புவனேசனைப் பார்த்தார். அவன் ஏதாவது சொல்வான் என்று ஒரு கணம் காத்திருந்தார். புவனேசன் கூட்டத்தைப் பார்த்தான், ஜெயகுமாரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பெரியவர் வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

மூன்று மணிக்குப் போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது.

எல்லோரும் போனபின், வெயில் தாழ்ந்த நேரத்தில், ஒரு அம்மாள் தனியாக நடந்து வந்தாள். அறுபது வயதைத் தாண்டியவள். பாடாங் செராயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னாள். பெயர் மருதம்மாள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவள்.

"வேலாயுதம் அண்ணன் மவனா நீ?"

"ஆமாம்மா. ராஜா சமாதி பாக்க வந்தீங்களா? இப்ப யாரையும் விடக்கூடாதுன்னு போலீஸு..."

"ராஜாவப் பாக்க வரல தம்பி. எந் தம்பியப் பாக்க வந்தேன்."

புவனேசனுக்கு விளங்கவில்லை.

"இது அப்பல்லாம் கித்தாக் காடு, ரப்பர் மரமா நிக்கும். எனக்கு ஒம்போது வயசு. அந்த வருசம் வெள்ளம் வந்துச்சு, பின்னாலேயே காய்ச்சலும் வந்துச்சு. எந் தம்பிக்கு ஒன்ற வயசு. தோட்டத்துச் சுடுகாடு தண்ணிக்குள்ள முங்கிக் கெடந்துச்சு. காய்ஞ்ச எடம் இந்த மேடு ஒன்னுதான். ஒங்கப்பாதான் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து, அவரே குழி வெட்டிப் பொதச்சாரு. இடுப்புல வெள்ளி அரணாக்கொடி. அத அவுக்கக் கூடாதுன்னு எங்கம்மா கையைப் புடிச்சிக்கிட்டா. நான் அந்தா, அந்தப் பக்கம் நின்னேன்." சுற்றிலும் பார்த்தாள். "அப்புறம் நாங்க தோட்டம் மாறிட்டோம். மரமெல்லாம் மாறி, எது எந்த எடம்னு தெரியாமலே போச்சு. நேத்து ஒன் படத்துல பின்னால ஜெராய் மலையப் பார்த்தேன். அன்னிக்கும் அப்படியேதான் தெரிஞ்சுச்சு. இதுதான் அந்த மேடுன்னு தோணுச்சு."

புவனேசன் திரும்பி மலையைப் பார்த்தான்.

"ஒன்னு கேக்கட்டுமா தம்பி? ராஜா சமாதின்னு ஒங்கப்பாவுக்குத் தெரியும்னு சொன்னியே. தெரிஞ்சிருந்தா அதுமேல குழி வெட்டிருப்பாரா? அவரு அப்படி ஆளு இல்லியே."

அவனுடைய அப்பா ஒரு குழந்தையைத் தோளில் சுமந்து தண்ணீரில் நடந்தது அவனுக்கு இதுவரை தெரியாது. அதனால்தான் மேட்டை உடைக்காமல் விட்டாரா? அல்லது மாடு கட்டத்தானா? ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? கேட்பதற்கு ஆள் இல்லை. அவன் மருதம்மாளைக் கைபிடித்து மேட்டின் பக்கம் அழைத்துப் போனான். உச்சி முழுவதும் பன்றி கிளறிய கிழங்குத் தோட்டம்போலக் கிடந்தது.

"எங்க நின்னீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?"

அவள் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தாள். மேட்டின் வடிவமே மாறியிருந்தது. "தெரியலையே தம்பி" என்றாள். மிதிபட்ட பால் பாக்கெட் ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

புவனேசன் தயங்கித் தயங்கிப் போனை எடுத்து அந்தச் சங்கிலியின் படத்தைக் காட்டினான். கண்ணாடியை மேலே தூக்கி, கீழே இறக்கி, அவள் வெகுநேரம் பார்த்தாள். "யாரு வச்சிருக்கா இத?"

"தெரியலம்மா."

அன்று மாலை மருதம்மாளை ரூபினி வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டாள். கணவனிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அண்ணனிடம் வாய்விட்டது தான்தானே என்ற உறுத்தல் அவளுக்கும் இருந்தது.

ஞாயிறு காலை இலாகாவிலிருந்து டாக்டர் நோராய்னி வந்தார். நாற்பது வயதிருக்கும். மேட்டைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்து நின்றார். திட்டவில்லை. மண்சுவரின் முன் முழங்காலிட்டு உட்கார்ந்து, சிறு தூரிகையால் பால் கறையைத் துடைக்கத் தொடங்கினார். இரண்டு மணி நேரம் அதே வேலைதான். அதற்குள் மறுபடியும் ஐம்பது, அறுபது பேர் கூடிவிட்டார்கள். ஜெயகுமார் முன்வரிசையில் போனோடு நின்றார்.

நோராய்னி எழுந்து மலாயில் பேசினார். சிப்பிகள், சிவப்பு மண், மடக்கிய கால்கள் எல்லாம் மிகப் பழங்காலத்து மனிதர்களின் புதைமேட்டைக் காட்டுகின்றன. பல ஆயிரம் ஆண்டுகள் இருக்கலாம். அப்போது கடல் இன்னும் அருகில் இருந்திருக்கலாம். ராஜாக்கள் காலத்துக்கெல்லாம் முந்தியது என்று நினைக்கிறார். சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"அவங்க என்ன இனம்?" என்று ஜெயகுமார் கேட்டார்.

"தெரியாது."

"நம்ம ஆளுங்களா, இல்லையா?"

"தெரியாது, என்சிக். இப்போது நமக்கு இருக்கும் இனப் பெயர் எதையும் அவர்கள் கேள்விப்பட்டிருப்பார்களா என்பதே தெரியாது."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டாக்டர் பட்டம் வாங்கியவருக்கே தெரியாதாம் என்று யாரோ சிரித்தார்கள். மறைக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார். அந்தச் சந்தடியில் மருதம்மாள் முன்னே வந்து, தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், தன் தம்பியைப் பற்றிக் கேட்டாள்.

நோராய்னி அவளை ஒரு மரக்கட்டையில் உட்கார வைத்து முழுதும் கேட்டார். பிறகு உச்சியிலிருந்து தள்ளப்பட்ட மண்ணைச் சலித்துப் பார்த்தார். விரல் நீளத்துக்குச் சில எலும்புத் துண்டுகள் கிடைத்தன. குழந்தைகளுடையதாக இருக்கலாம் என்றார். ஒருவேளை பழைய காலத்துக் குழந்தை. ஒருவேளை தோட்டத்துக் குழந்தை.

"மேலிருந்து குழி வெட்டியிருந்தால் அந்தக் குழியின் விளிம்பு மண்ணில் கோடுபோலத் தெரியும், மாக்சிக். வெள்ளிக்கிழமை இருந்தபடி இந்த மண் இருந்திருந்தால், இதோ இதுதான் அந்தக் குழி என்று என்னால் உங்களுக்குக் காட்டியிருக்க முடியும். இப்போது எல்லாம் கலந்துவிட்டது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறேன். ஆனால் உறுதி சொல்ல மாட்டேன்."

மருதம்மாள் அழவில்லை. "வெள்ளிக்கெழம இருந்த மாதிரி" என்று தமிழில் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் ஜெயகுமார் புவனேசனின் தோளைத் தொட்டார். "இவங்க இப்படித்தான் தெரியாது தெரியாதுன்னு மழுப்புவாங்க. நீ வா. ஒங்கப்பா சொன்னத எல்லார் முன்னாலயும் இன்னொரு தடவ சொல்லு. நான் லைவ் போட்டிருக்கேன்."

போன் முகத்துக்கு நேரே இருந்தது. ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா ஒன்னும் சொல்லல" என்றான் புவனேசன்.

"என்ன?"

"எங்கப்பா என்கிட்ட ராஜான்னு சொல்லல. ஒன்னுமே சொல்லல. நான் பொய் சொன்னேன்."

ஜெயகுமார் போனை இறக்கி ஒளிபரப்பை நிறுத்திவிட்டார். "பைத்தியமா ஒனக்கு? ஊரே பாக்குது!" என்று பல்லைக் கடித்தார். புவனேசன் சுற்றிப் பார்த்தான். பின்னால் நின்ற ரூபினி தன் போனை ஏற்கெனவே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"எனக்குத் தெரியாது. அதத்தான் வெள்ளிக்கெழமையே சொல்லிருக்கணும். நெலம் போயிடுமோன்னு பயம். தெரியாதுன்னு சொன்னா கேவலம்னு வெக்கம். அதான் தெரிஞ்ச மாதிரி பேசினேன். அத நம்பி எல்லாரும் வந்தீங்க, தோண்டுனீங்க. இந்தா நிக்கிறாங்களே இந்த அம்மா, அவங்க தம்பிய இதே மேட்டுல எங்கப்பாதான் பொதச்சாராம். இன்னிக்கு அந்த எடத்தக் காட்ட முடியல. என்னாலதான் முடியல." அவன் போனை நேராகப் பார்த்தான். "சங்கிலிய எடுத்துட்டுப் போனவங்க யாரா இருந்தாலும் கொண்டாந்து குடுத்துடுங்க. அது ராஜா வீட்டுப் பொருள் இல்ல. ஏதோ ஒரு புள்ளையோட அரணாக்கொடி."

சிலர் திட்டிக்கொண்டே காடிகளை நோக்கி நடந்தார்கள். முந்தின நாள் பால் ஊற்றிய பெண் ஒருத்தி, மஞ்சள் துணியை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டாள். புவனேசன் நேராக ஹாஷிமின் வீட்டுக்குப் போனான். பெரியவர் கதவைத் திறக்க நேரம் எடுத்துக்கொண்டார். அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் தள்ளியது எனக்கு வலிக்கவில்லை, புவன்" என்று மட்டும் சொன்னார். உள்ளே வரச் சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை.

ரூபினி போட்ட படத்தை முதல் நாள் பார்த்தவர்கள் முந்நூறு பேர். பொய் ஓடிய வேகத்தில் உண்மை ஓடவில்லை. 'அரசாங்கம் மிரட்டிப் பேச வைத்திருக்கிறது' என்று புதிதாக ஒரு கதையும் கிளம்பியது. புவனேசன் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளின் பெற்றோர் முதல் பெட்ரோல் நிலையத்து ஆள் வரை, கேட்ட ஒவ்வொருவரிடமும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

வியாழக்கிழமை பண்டார் பாருவிலிருந்து ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே ஒரு சிறு பொட்டலத்தை நீட்டினான். "ராஜா பொருள் வீட்ல இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்ண்ணே. புள்ளையோடதுன்னு கேட்டதிலிருந்து மனசு சரியில்ல" என்றான். பெயரைச் சொல்லாமல் போய்விட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மருதம்மாளை வரச் சொல்லியிருந்தார்கள். விடுமுறை நாளானாலும் நோராய்னியும் வந்திருந்தார். ஜெயகுமாரும் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றார். ஐந்து நாளாகப் புவனேசனோடு அவர் பேசவில்லை. தங்கை கூப்பிட்டதற்காக வந்ததாகச் சொன்னார்.

புவனேசன் ஒப்படைத்த சங்கிலியைப் பரிசோதித்துவிட்டு, நோராய்னி அதை வெள்ளைத் துணியில் வைத்து மருதம்மாளிடம் கொடுத்தார். "வெள்ளிதான், மாக்சிக். பழங்காலத்தது இல்லை, தோட்டக் காலத்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். யாருடையது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் தம்பியுடையது என்றால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், உங்களிடம் தர ஏற்பாடு செய்கிறேன்."

மருதம்மாள் அதை உள்ளங்கையில் ஏந்தினாள். ஒவ்வொரு கண்ணியாக விரலால் தடவினாள். கொக்கியைத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் தலையை ஆட்டினாள்.

"இருக்கலாம். ஆனா தெரியல. அந்த வருசம் எங்க லயத்து வீட்டு வரிசைல மட்டும் நாலு புள்ள போச்சு. எல்லாத்தையும் இங்கதான் கொண்டாந்தாங்கன்னு சொல்லுவாங்க. எல்லாப் புள்ளைக்கும் அரணாக்கொடி இருந்திருக்கும்."

ஜெயகுமாரால் பொறுக்க முடியவில்லை. மரத்தடியிலிருந்து வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "எந் தம்பியோடதுன்னு சொல்லிடுங்கம்மா. இத்தன வருசம் கழிச்சு வந்திருக்கீங்க. எடுத்துக்குங்க. யாரு வந்து கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க தம்பி" என்றாள் மருதம்மாள். "ஆனா வேற ஒருத்தி பெத்த புள்ளைய எந் தம்பின்னு சொல்லி நான் அழுதுட்டா, அந்தப் புள்ளைக்கு அழ ஆளில்லாமப் போயிடுமே."

துணியை மடித்து நோராய்னியிடம் திருப்பிக் கொடுத்தாள். "அந்தச் சின்ன எலும்புங்களோடயே இதையும் வைங்க. யாருன்னு தெரியலன்னு எழுதுங்க."

ஜெயகுமார் போனை எடுத்து, அறுபதாயிரம் பேர் பார்த்திருந்த அந்தப் பழைய படத்தை அழித்தார். அதே பக்கத்தில் விரலால் தட்டித் தட்டி எழுதினார். எழுதியதைப் புவனேசனிடம் காட்டி, "சரியா இருக்கா மச்சான்?" என்று கேட்டார். ஐந்து நாளில் அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

புவனேசன் வாங்கிப் படித்தான்:

'புக்கிட் செலம்பாவ் மேட்டில் இருப்பது யார் என்று எங்களுக்குத் தெரியாது. ராஜா என்று பரப்பியது நான். அது தவறு. இறந்தவர்கள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்பதால் அவர்களைப் பற்றி நாம் நினைத்ததையெல்லாம் பேசிவிடுகிறோம். தெரியாததை உண்மை என்று பரப்புகிறவன், அந்த உண்மைக்காகக் காத்திருக்கும் ஒருவரிடமிருந்து அதைத் திருடுகிறான். தயவுசெய்து இனி யாரும், தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லாதீர்கள்.'

"சரியா இருக்கு" என்றான் புவனேசன். "அனுப்புங்க."